நான்காம் வருடப் பென்குவின்

வேலூரில் ஏ.சி. ஓட வேண்டுமென்றால் வீட்டில் ஒன்றாங்கிளாஸ் பென்குவின் பாடம் நடக்க வேண்டும்; அரசு உத்தரவு. பிஞ்சுகள் குளிரை அனுபவித்துப் படிக்க வேண்டுமாம். மற்றவர்கள் வெந்து போவதில் உத்தரவு போட்ட மகான்களுக்கு ஆட்சேபணை இல்லை. பாஸானால் அடுத்த பாடம் ஒட்டகம். ஒட்டகத்துக்கு எதற்கு ஏ.சி.?

பூங்கோதையின் மகள் ஆதிரை நான்காவது வருடமாகப் பென்குவினிலேயே இருந்தாள். பஞ்சு ஒட்டிப் பொம்மை செய்தாள். பாதத்தின்மேல் முட்டையை வைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தாள். ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. தொட்டிலில் அவள் தம்பி, வேர்க்குருவின் அரிப்பு அடங்கி, அசந்து தூங்கினான்.

சுவர்த்திரையிலிருந்த டீச்சர் கேட்டாள்: "பென்குவின் பறக்குமா, ஆதிரை?"

பென்குவினின் குடல்வரை அறிந்தவள் தொட்டிலைப் பார்த்தாள். "பறக்கும் மிஸ். கூட்டங்கூட்டமா பறக்கும்."

"பரவாயில்லடா. நாளைக்கும் இதே பாடம் படிப்போம்."

திரையும் ஏ.சி.யும் சேர்ந்தே அணைந்தன. குழந்தை சிணுங்கியது.

"அம்மா, என்கூடச் சேர்ந்தவங்க எல்லாம் நாலாங்கிளாஸ் போயிட்டாங்க. நான் எப்பதான் பாஸ் பண்றது?"

பூங்கோதை விசிறியை எடுத்துத் தொட்டிலுக்கு வீசினாள்.

"இன்னும் அஞ்சு வருஷம் பொறுத்துக்கடி கண்ணு. அப்புறம் தம்பி ஃபெயிலாவான்."