நிழல் இல்லை

தரைநிலையத்தில் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செயற்கைக்கோள் இன்னும் அடிவானத்துக்குக் கீழே இருந்தது. அது மேலெழுந்து, தலைக்கு மேல் கடந்து, மறுபக்கம் இறங்குவதற்குள் அது அனுப்பும் எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும். தவறவிட்டால் திரும்பி வர நாட்களாகும்.

சிக்னல் கிடைத்தது.

வெளியே தூறலில் பெரிய ஆண்டெனா மெல்லத் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பின்தொடர்ந்தது.

முந்தின இரவு தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே மலை சரிந்திருந்தது. செல்போன் கோபுரங்கள் விழுந்துவிட்டன. மேகம் கலையாததால் ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. மற்ற செயற்கைக்கோள்கள் அனுப்பிய படங்களில் வெறும் வெள்ளைதான்.

இது ரேடார். மேகத்தைத் தாண்டிப் பார்க்கும்.

மீட்புப் படை ஒன்றுதான் போய்ச் சேர்ந்திருந்தது. பாதை பிரியும் இடத்தில் காத்து நின்றது. வலப்பக்கம் இறங்கினால் ஆற்றோரக் குடியிருப்பு. இடப்பக்கம் ஏறினால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். இரண்டு பக்கமும் போக ஆளில்லை. எந்தப் பக்கம் என்று படம் பார்த்துச் சொல்லும்படி சாட்டிலைட் போனில் கேட்டிருந்தார்கள்.

லைன் வீட்டில் அவளுடைய அண்ணன் ஜெபராஜ் இருந்தான். அண்ணி. இரண்டு குழந்தைகள்.

அவள் பிறந்ததும் அங்கேதான்.

அறையில் யாருக்கும் அது தெரியாது. சொன்னால் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை.

முதலில் வந்தது படமல்ல. எண்கள். சர்வர் அவற்றைக் கோடு கோடாக அடுக்கியது. எந்த இடத்தின் மேல் எது என்று பொருத்தியது. மலையின் மேடுபள்ளத்தால் வந்த கோணலை நிமிர்த்தியது.

அவள் நகத்தைக் கடித்தாள்.

படம் திறந்தது.

ரேடாரில் தகரக்கூரை பளிச்சென்று தெரியும். தண்ணீர் கறுப்பு. ஆற்றோரக் குடியிருப்பைக் கறுப்பு சூழ்ந்திருந்தது. நடுவில் வெள்ளைப் புள்ளிகள். கூரைகள் இருந்தன.

படத்தை மேலே நகர்த்தினாள்.

தேயிலைத் தொழிற்சாலையின் கூரை இருந்தது. அதற்கு மேலே இரண்டு நீள வெள்ளைக் கோடுகள் இருக்க வேண்டும். இரண்டு வரிசை வீடுகள்.

மழைக்கு முந்தின படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதில் இரண்டு கோடுகள்.

இதில் உச்சியிலிருந்து ஒரே கருஞ்சாம்பல் நிறம்.

பக்கத்தில் வேலை பார்க்கும் தணிகைவேல் எட்டிப் பார்த்தான்.

"மலையோட நிழலா இருக்குமோ மேடம்?"

இருக்கலாம். ரேடார் சாய்ந்து பார்க்கும். செங்குத்தான மலைக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. அங்கே வீடு இருந்தாலும் இல்லாததுபோல் காட்டும்.

நிழல். அந்தச் சொல்லை அவள் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகம் என்று ஒரு சொல் எழுதினால் போதும். மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஏறி இறங்கப் பொழுது சாய்ந்துவிடும்.

ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பழைய படத்தின் விவரங்களைத் திறந்தாள். அதே செயற்கைக்கோள். அதே பாதை. அதே சாய்வு. அன்றைக்கு அங்கே நிழல் விழவில்லை.

ரேடாருக்குக் கூரை தெரியும். ஆள் தெரியாது. யாராவது ஓடி ஒதுங்கியிருந்தால் அது எந்தப் படத்திலும் வராது.

அண்ணன் நன்றாக ஓடுவான்.

குழந்தைகளை விட்டுவிட்டு ஓடமாட்டான்.

"நிழல் இல்ல தணிகை," என்றாள்.

மேலே வீடுகள் இல்லை, ஆற்றோரம் செல்லவும் என்று எழுதினாள். ஒருமுறை படித்தாள். அனுப்பினாள்.

மாலைக்குள் ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து எல்லாரையும் கயிறு கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்றுச் சில நாளே ஆன ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்களாம். கடைசி ஆள் கரையேறிய கொஞ்ச நேரத்தில் கூரைகளையும் தண்ணீர் மூடிவிட்டது.

தணிகைவேல் செய்தியை உரக்கப் படித்தான். அறையில் கைதட்டினார்கள்.

அவளும் தட்டினாள்.

மறுநாள் காலை மீட்புப் படை அதிகாரி அதே சாட்டிலைட் போனில் பேசினார். குரல் கட்டியிருந்தது.

"இப்ப மேல போறோம் மேடம். எத்தன பேரைத் தேடணும்னே தெரியல. எஸ்டேட் ஆபீசும் மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஒரு வரிசைல எத்தன வீடுன்னு உங்க படத்துல தெரியுமா?"

"படத்துல தெரியாது சார்."

அவர் பெருமூச்சு விட்டார்.

"நான் சொல்றேன். எழுதிக்குங்க."

பேனா தேடும் சத்தம் கேட்டது.

முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். அன்னக்கொடி. மகன் சுடலை. காது கேட்காத மாமியார். இரண்டாவது வீட்டில் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

தணிகைவேல் நாற்காலியைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வீடு.

ஜெபராஜ். எஸ்தர். பெனிட்டா. ஆல்வின்.

ஆல்வினுக்கு என்ன வயசு என்று கேட்டார்.

"இன்னும் பள்ளிக்கூடத்துல சேர்க்கல."

எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இவங்களுக்கு வெளியூர்ல சொந்தம் யாராவது உண்டா மேடம்? அடையாளம் காட்டக் கூப்பிடணும்."

"இருக்காங்க," என்றாள்.

பிறகு, "நாலாவது வீடு. எழுதிக்குங்க சார்."