ஒட்டுக்குக் கீழே

என் கணவர் சேவியர் தினமும் காலையில் கூர் இல்லாத ஜப்பானியப் பயிற்சி வாளை எடுத்துக்கொண்டு பீச் மரத்தின் முன்னால் போய் நிற்பார். தலைக்கு மேல் ஓங்கி இறக்கி, மரத்திலுள்ள ஒட்டுத் தழும்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துவார். காட்டு பீச்சின் அடிமரத்தில் நல்ல பீச் கிளையை ஒட்டியவள் ரெஜினா, அவருடைய முதல் மனைவி. அவள் இறந்து நாலு வருடம் ஆகிறது. வாள் ஒருநாளும் அந்தத் தழும்பில் பட்டதில்லை. அவ்வளவு கவனமாக அவர் என்னைத் தொட்டதும் இல்லை.

ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் காட்டு மரம் தலையெடுத்துவிடும். என் அப்பா நர்சரி வைத்திருந்தவர், எனக்குத் தெரியும். மூன்று வருடமாக நான் கிள்ளவில்லை. கீழிருந்து வந்த கிளை தடித்து நிமிர்ந்தது. மேலே இருந்தது மெலிந்துபோனது.

"இந்த வருஷம் ஒரு பூகூட வரலையே, பிலோ," என்றார்.

"ரெண்டு கிளையும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுதுங்க. ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு பிழைக்கும்."

அவர் வாளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய் ரம்பம் எடுத்துவந்தார். இலைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்; ஒட்டு மரத்தில் எது நல்ல கிளை என்பது அவருக்குத் தெரியாது.

"இதுல எதை வெட்டணும்?"

அந்த வாளை முதல்முறையாக நான் கையில் எடுத்தேன். தலைக்கு மேல் ஓங்கி இறக்கி, தழும்புக்கு மேலிருந்த மெலிந்த கிளைக்கு ஒரு விரற்கடை முன்னால், படாமல் நிறுத்தினேன்.