குளிர் இறங்கும்வரை

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஊசியை டாக்டர் பவித்ரன் மேசைமேல் வைத்தார். குளிர் இறங்க அரைமணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு போடலாம் என்றார்.

பார்க்கப் பேனா மாதிரி இருந்தது. சதாசிவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்காக இரண்டு வருடம் பெயர் கொடுத்துக் காத்திருந்தான். இன்று தவறினால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முழங்கையிலும் முதுகிலும் செதில் செதிலாக உரிந்த தோலை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. முழுக்கைச் சட்டை போதும். விரல்கள் வீங்கி மடங்காமல் போனபோதுதான் பயந்தான். சிம்பாங் பூலாயில் கல் ஏற்றும் லாரி ஓட்டுபவன். ஸ்டீரிங்கை இப்போது மணிக்கட்டால் திருப்புகிறான். முதலாளி இன்னும் கவனிக்கவில்லை.

பக்கத்தில் அவன் மனைவி குமுதா முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் தண்ணீர் பாட்டில். அடிக்கடி கவசத்தைச் சற்றுத் தூக்கி ஒரு வாய் குடித்தாள்.

சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறியதிலிருந்து அவள் பேசவில்லை. பயம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பயம்தான்.

இன்னும் பத்து நிமிடம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்புக்குள் காவல் நிற்கும் படை, ஆள் தெரியாமல் சொந்தத் தோலையும் மூட்டுகளையும் அடிக்கிறது. இந்த மருந்து அதன் கையைக் கட்டிப்போடும். வீக்கம் வடியும். ஆனால் நிஜமான எதிரி வந்தாலும் படை கை கட்டித்தான் நிற்கும். காசநோய் மாதிரி ஏதாவது நுழைந்தால் ஆளையே சாய்த்துவிடும். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு முன்பு ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்தது. இரண்டும் சுத்தம்.

குமுதா பாட்டிலைத் திறந்தாள். தண்ணீர் முடிந்திருந்தது.

டாக்டர் ஊசியைத் தொட்டுப் பார்த்தார். குளிர் இறங்கிவிட்டது.

சதாசிவம் சட்டையைத் தூக்கினான். வயிற்றில் ஓரிடத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார்.

“வீட்ல யாருக்காச்சும் ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா, அண்ணே?”

சதாசிவம் சிரித்தான்.

“எங்க வீட்ல நோயாளி வேலைக்கு நான் ஒரு ஆள்தான், டாக்டர். இவளுக்குச் சளி புடிச்சுகூட நான் பாத்ததில்ல லா.”

அவன் பார்த்ததில்லைதான்.

தினமும் அவன் எழுந்து போனதும், படுக்கையில் உதிர்ந்து கிடக்கும் செதில்களை அவள் கூட்டி அள்ளுவாள். அந்தத் தூசிதான் நெஞ்சில் ஏறிவிட்டது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். சொன்னால் அன்றைக்கே தனியாகப் பாய் விரித்துவிடுவான். அதனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவாள்.

ஒன்றரை மாதமாக.

டாக்டர் ஊசியின் மூடியில் கை வைத்தார்.

சதாசிவம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குமுதா கை நீட்டி, அவன் சட்டையைக் கீழே இழுத்து வயிற்றை மூடினாள்.

பிறகு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சுங்கை சிப்புட்டிலிருந்து அடக்கிக் கொண்டுவந்ததையெல்லாம் இருமினாள்.