ஒற்றைச் செருப்பு

படீரென்று மைக்கில் எதுவோ மோத, அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் இடியாகிப் பாலாற்றங்கரை முழுவதும் அதிர்கிறது. மேடையாக நிற்கும் மினி லாரியில், எழிலரசியின் வெறுங்காலருகே தேய்ந்த நீலச் செருப்பு ஒன்று விழுந்து கிடக்கிறது. ஆற்றைக் கெடுக்கும் தோல் பதனிடும் டேனரியை முழுசாக மூடும்வரை செருப்புப் போடமாட்டேன் என்று மூன்று வருடத்துக்கு முன் இதே இடத்தில் சபதம் செய்தவள், இன்று காலை கலெக்டர் முன்னால் பாதி மூடினால் போதுமென்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். பச்சைத்தோல் ஊறும் தொட்டிகள் மூடப்படும். சாயப் பிரிவு மட்டும் தொடர்ந்து ஓடும். “பாதி விஷம் குடிச்சா பாதி உயிரா போவும்?” என்று கூட்டத்திலிருந்து பாண்டியன் கத்த, விசில் பறக்கிறது. “முழுசா கேட்டா மொதலாளி கோர்ட்டுக்குப் போய் பத்து வருஷம் இழுப்பான். தொட்டி நாளைக்கே நிக்குது! சாயத்துல வேலை செய்யிற முந்நூறு பேரும் நம்ம ஊட்டுப் பசங்கதான!” என்று எழிலரசி மைக்கில் கத்துகிறாள். கூட்டத்தின் முன்னால், பஞ்சாயத்துத் தேர்தலில் அவளுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்ட சவுரியம்மாள், கரைச் சாலையின் கொதிக்கும் தாரில் செருப்பில்லாத காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி மறு காலின் செருப்பையும் கழற்றி ஓங்குகிறாள். “வித்துட்டியேடி எங்கள! இந்தா, இன்னொண்ணு!” எழிலரசி சட்டென்று குனிகிறாள். கீழே கிடக்கும் செருப்பில் வலது காலை நுழைத்துக்கொண்டு நிமிர்கிறாள். மைக்கைப் பிடிக்கிறாள், முகத்தில் சிரிப்பு. “பாதிதான ஜெயிச்சிருக்கோம், அக்கா, ஒரு காலுக்குப் போதும். கையில இருக்கிறத பத்திரமா வெய்யி, மீதிய மூடுற அன்னிக்கு எறி!”