இருப்பதிலேயே அதிகமாகக் கத்துகிற பாட்டு

பாப்பா அலற ஆரம்பித்து, அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்திருப்பதற்குள், கீழ் வீட்டிலிருந்து பாட்டு கிளம்பிவிட்டது.

பாட்டு என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்ல வேண்டும். தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி டிரம்ஸ். அதற்கு மேல் கிட்டார்கள். அதற்கும் மேல் எவனோ ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"பாருங்க, ஆரம்பிச்சுட்டார். வேணும்னே பண்றார்," என்றாள் கணவனிடம்.

"விடு. அவருக்கும் பொழுது போக வேண்டாமா?"

"நம்ம பொண்ணு கத்தும்போது மட்டும்தான் அவருக்குப் பொழுது போகலையா?"

கணவன் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

பாப்பாவுக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. அலறாத நேரத்தில் இருக்கிற இடம் தெரியாது. ஆனால் காலர் உறுத்தினால் அலறல், அழைப்பு மணி அடித்தால் அலறல், சில நாள் எதற்கென்றே தெரியாத அலறல். அவளுடைய சட்டைகளில் எல்லாம் காலரைப் பிரித்தாயிற்று. வாசல் மணியையும் கழற்றியாயிற்று. ஊரையே கழற்றி வைக்க முடியுமா?

இதற்கு முன் குடியிருந்த வீடுகளில் எல்லோரும் நல்லவர்கள்தான். "குழந்தை பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுத்தான் காலி பண்ணச் சொன்னார்கள். இந்தக் குடியிருப்பில் மட்டும்தான் இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. இதையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கீழ் வீட்டுக்காரர் ஒண்டிக்கட்டை. ஆயுசு முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து 'உஷ்' சொல்லியே ஓய்வு பெற்றவர். நடந்தால் சத்தம் வராது என்று குடியிருப்பில் அவருக்குப் 'பூனை' என்று பட்டப்பெயர். அப்பேர்ப்பட்ட மனுஷர் இவர்கள் குடிவந்த வாரமே இந்தக் கூத்தை ஆரம்பித்தார் என்றால் வேறு என்ன அர்த்தம்?

மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டவரிடம் அம்மா கேட்டேவிட்டாள்.

"என்ன சார், இந்த வயசுல இந்த மாதிரிப் பாட்டு?"

பூனை கூச்சத்தோடு சிரித்தார். "ஹெவி மெட்டல்னு பேரும்மா. கடையில போய், இருக்கிறதிலேயே அதிகமாக் கத்தற பாட்டு எதுன்னு கேட்டேன். இதைக் கொடுத்தாங்க. புது ஆல்பம். யாரோ சின்னப் பசங்கன்னு நெனச்சேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தா எல்லாம் நரைச்ச தலை. நாற்பது வருஷமா வாசிக்கிறாங்களாம். பாடறவருக்கு என் வயசு."

"ஓஹோ."

"முதல் நாள் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன். இப்போ அந்த நாலாவது பாட்டைக் கேக்கலேன்னா சாப்பாடு இறங்க மாட்டேங்குது. செத்துப்போன சிநேகிதனைப் பத்தின பாட்டு. அத்தனை சத்தத்துக்குள்ள அப்படி ஒரு அழுகை. அவங்க பழைய ஆல்பமெல்லாம் ஒவ்வொண்ணாத் தேடி வாங்கறேன். பின்னால போகப் போக அவங்க இளசாகிட்டே வர்றாங்க."

அம்மாவின் காதில் நின்றது 'அதிகமாகக் கத்துகிற' என்ற ஒன்றுதான். குத்திக்காட்டுகிறார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு படியேறினாள்.

அந்த வாரமே குடியிருப்புச் செயலாளர் கதவைத் தட்டினார்.

"சத்தம் தாங்க முடியலைன்னு புகார் வந்திருக்கும்மா. ஞாயித்துக்கிழமை கூட்டம்."

அவள் வாசலை மறைத்தாற்போல் நின்றாள். "சார், குழந்தை..."

"அதேதான். குழந்தை இருக்கிற வீடு. நேர் மேல் வீடு வேற. கீழ இருக்கிற பெரியவரைப் பத்தி நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது என்பதை மறைப்பானேன்?

"கண்டிப்பா வர்றேன் சார்," என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். முதலில் எழுந்தவர் பக்கத்து பிளாக் டீச்சர்.

"பாட்டைக்கூடப் பொறுத்துக்கலாம். நடுவுல ஒரு அலறல் வருது பாருங்க. மேல மேல போய், சட்டுனு நின்னு, ரெண்டு விக்கல் விக்கி, மறுபடி ஆரம்பிக்கும். என் பசங்க பயப்படுறாங்க. மனுஷன் கேக்கற பாட்டா அது?"

அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரண்டு விக்கலும் அவளுக்குத் தெரியும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதற்குமேல் வரக்கூடாதே என்று அவள் தினம் தினம் வேண்டிக்கொள்கிற விக்கல்.

பூனை மெல்ல எழுந்தார். "அது பாடகர்ங்க. புது ஆல்பத்துல அப்படித்தான் பாடியிருக்கார். தப்பு என் மேலதான்."

"ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுக் கேக்கலாமே சார்?" என்றார் செயலாளர்.

"அது முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

பெரியவர் தரையைப் பார்த்தார். "எனக்கு மட்டும் கேட்டுப் பிரயோஜனம் இல்லீங்க."

கூட்டம் சிரித்தது. பெரியவருக்கு மறை கழன்றுவிட்டது என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"அப்போ வீட்டைக் காலி பண்ணச் சொல்றதைத் தவிர வழியில்லை," என்று செயலாளர் இவள் பக்கம் திரும்பினார். "மேல் வீட்டம்மா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் தொந்தரவு அதிகம்."

அம்மா எழுந்தாள். பூனை அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். வாயைத் திறந்தால் வீடு போய்விடும். அது அவளுக்கும் தெரியும்.

"அவர் பாட்டால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க," என்றாள். "நடுவுல அலறுறது பாடகர் இல்லை. என் பொண்ணு."