கை நிறைய வளையல்

"வளையலோட மிஷின் பக்கம் வராத. அங்கன உக்காந்து கண்ணாடியைத் துடை."

இராமலட்சுமி சொன்னதும் கவிப்ரியாவுக்கு முகம் சுண்டிப் போனது. ஏழு மாத வயிறும், இரண்டு கையிலும் கண்ணாடி வளையலுமாக மரம் அறுக்கும் மைட்டர் சா மிஷின் முன்னால் அப்படியே நின்றாள்.

இராமநாதபுரத்தில் இராமலட்சுமி நடத்தும் படச்சட்டப் பட்டறை அது. இராமேஸ்வரத்துக்கும் ஏர்வாடிக்கும் வருகிறவர்கள் வாங்கிப் போகும் படங்களுக்குச் சட்டம் இங்கேதான் தயாராகிறது. நாலு மூலையும் இடுக்கு விடாமல் சேர வேண்டுமென்றால் மரத்தைச் சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் அறுக்க வேண்டும். அந்த வேலை கவிப்ரியாவுடையது. மற்ற பெண்கள் மிஷின் பக்கமே போக மாட்டார்கள்.

"அக்கா, நேத்துதான வளைகாப்பு போட்டாக. அதுக்குள்ள இப்படிச் சொன்னா எப்படி?"

"யாரு போட்டா எனக்கென்ன? வளையல், கயிறு, தொங்குற துப்பட்டா எதுவும் மிஷின் கிட்ட வரக்கூடாது. இந்த ரூல நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்க?"

உண்மைதான். ஏர்வாடி தர்காவில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்த பட்டறை ஆள் மதார், மரம் பிடிக்கக் கிட்டே வந்தபோது அவள்தான் விரட்டினாள். "கயிறு பிளேடுல சிக்குனா கையும் சேர்ந்துதாண்ணே போகும்" என்று அன்றைக்குப் பெரிய வாய் பேசியிருந்தாள்.

"அப்ப கழட்டிட்டு வாரேன்."

"கழட்டேன். பிள்ளை பெக்குற வரைக்கும் கழட்டக் கூடாதும்பாக. அப்புறம் உன் இஷ்டம்."

இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று கவிப்ரியாவுக்கு நெஞ்சு கொதித்தது. காதலித்துக் கட்டிக்கொண்டவள் அவள். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பெற்றவர்கள் வளைகாப்புக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. பட்டறைப் பெண்கள்தான் சேர்ந்து சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டுவிட்டார்கள். அப்போதும் இராமலட்சுமி தலைகாட்டவில்லை. சரக்கு அனுப்ப வேண்டும் என்று லாரி ஷெட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

இது இன்றைக்கு ஆரம்பித்த இழுபறி அல்ல. "பிள்ளையப் பெத்துட்டு வந்து மிஷின்ல நில்லு" என்று போன மாதமே இராமலட்சுமி தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள். கவிப்ரியா மசியவில்லை.

"என்னைய எறக்கி விட்டா பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போயிருவேன். அவுக வா வான்னு கூப்பிடுறாக."

அவளுக்கு இருந்ததெல்லாம் பயம். அடம்பிடித்து வேலை பழகிப் பிடித்த இடம் அது. ஒரு தடவை விட்டுவிட்டால் பிள்ளையோடு திரும்பி வரும்போது வேறு யாராவது அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு காலமெல்லாம் கண்ணாடி துடைக்க வேண்டியதுதான். இன்றைக்கு அக்காவுக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது.

கண்ணாடியைத் துடைத்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தாள். இராமலட்சுமியே சேலையை இழுத்துச் செருகி, மேலே சட்டையை மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மிஷினுக்கு வந்தாள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மூலைமட்டத்தால் பிளேடு நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். பிளேடுக்கு மேல் இருக்கும் பாதுகாப்பு மூடியான கார்டு தானாக மூடுகிறதா என்று இரண்டு தரம் ஏற்றி இறக்கினாள். மேடையை நாற்பத்தைந்துக்குத் திருப்பி லாக் செய்து, மரத்தைக் கிளாம்பில் இறுக்கி, கையை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டாள். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகுதான் இறக்கினாள். அறுத்து முடித்தும், சுவிட்சை விட்டு, சுற்றுவது நிற்கும்வரை மேலே தூக்கவில்லை.

ஏதாவது குறை சொல்லலாம் என்றால் ஒன்றும் அகப்படவில்லை. கவிப்ரியாவுக்கு அது வேறு எரிச்சல்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் அவள் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். கையில் சோப்பைக் குழைத்துத் தேய்த்து வளையலை இழுத்தாள். பெருவிரல் பக்கம் சிவந்ததுதான் மிச்சம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டத்துக்கு ஆணி அடிக்கும் லாமியா பதறிப் போய் ஓடி வந்தாள்.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ற?"

"கழட்டிட்டு மிஷின்ல நிக்கப் போறேன். என் இடத்தை விட்டுக் குடுக்க மாட்டேன்."

"வேணாம் புள்ள, இழுக்காத."

"நீ பேசாம இரு. அளவு பாத்து வளையல் வாங்கத் தெரியாதாடி உங்களுக்கு? போடுறப்பவே கை நொந்துச்சு. இப்ப சோப்பு போட்டாலும் வர மாட்டேங்குது."

லாமியா திரும்பிப் பட்டறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வாரம் பிளேடு ஓடுறப்ப கண்ணு சொருகித் தள்ளாடி நின்னியே, ஞாபகம் இருக்கா?"

கவிப்ரியாவின் கை அப்படியே நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அக்கா பாத்துட்டாக. அன்னிக்குப் பூரா சோறு தண்ணி இறங்கல அவுகளுக்கு. வெரட்டிச் சொன்னா நீ கோவிச்சுக்கிட்டு அந்தப் பட்டறைக்குப் போயிருவ. அங்கன பிளேடுக்கு கார்டே கிடையாது. நீ வர்ற வரைக்கும் மிஷின்ல வேற யாரையும் நிப்பாட்ட மாட்டேன், நானே நிக்கிறேன்னு எங்ககிட்ட சொல்லிட்டாக."

"அதுக்கும் வளையலுக்கும் என்னடி இருக்கு?"

"அக்காதான் கடைத்தெருவுல ஏறி இறங்கி, ஒரு தடவை போட்டா கழட்டவே முடியாத அளவாப் பாத்து வாங்கியாந்து எங்க கையில குடுத்தாக."