ஆளில்லாத ஊர்

"ஆளே இல்லாத ஊர்னு படம் வரணும். கொஞ்சம் நகருங்கம்மா" என்றார் பாஸ்கர். சைபீரியா, சகாரா என்று உலகத்துத் தனிமையை எல்லாம் கேமராவில் அடைத்து விருது வாங்கியவர்.

மாரிகுப்பத்தில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், தன் வீட்டு வாசலை விட்டுப் பவுனம்மா நகரவில்லை.

"போட்டோவுல வர ஆசையா? உங்களைத் தனியா எடுத்துத் தரேன்."

"எனக்கு இன்னாத்துக்கு சார் போட்டோ? நான் இங்கதான் நிப்பேன்."

"உங்களுக்குக் கலை புரியாதும்மா. வெறுமைதான் அழகு."

"போன வருஷம் ஒருத்தரு எதிர் லைனை இப்படித்தான் அழகா எடுத்தாரு. எல்லாரும் காலையில பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேறிப் போன நேரம், ராத்திரிதான் திரும்புவாங்க. அந்தப் போட்டோவக் காட்டியே, ஆளில்லாத வீடுன்னு இடிச்சிட்டாங்க."

பாஸ்கர் திரும்பிப் பார்த்தார். சற்று முன் அவர் ரசித்து ரசித்துப் படமெடுத்த செங்கல் குவியல்தான் அங்கே கிடந்தது.

பவுனம்மா வாசல் நடுவில் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"இப்ப எடுங்க சார்."